தீவைச் சுற்றி ஒரு சண்டை

ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் நீராவி என்றுதான் கூப்பிடுவார்கள். யார் வைத்த பெயரோ, பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள். வேலை பார்ப்பது நீராவி அறையில். குணமும் அப்படித்தான், கொதி நிலையிலேயே இருக்கும்.

அந்த அறை கீழ்த்தளத்தில் இருந்தது. ஜன்னல் கிடையாது. சுவரோரம் இரண்டு எந்திரங்கள். பெரியதை அண்ணன் என்பாள், சின்னதைத் தம்பி என்பாள். ஆபரேஷன் அறையில் பயன்பட்ட கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாம் கழுவப்பட்டு அங்கே வரும். அவள் ஒவ்வொன்றையும் எண்ணி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, பச்சைத் துணியில் கட்டாகக் கட்டி, மேலே ஒரு நாடா ஒட்டி, அண்ணன் வயிற்றுக்குள் தள்ளிக் கதவைப் பூட்டுவாள். அந்த நாடாவில் மங்கலான சாய்கோடுகள் இருக்கும். உள்ளே வேண்டிய சூடு வேண்டிய நேரம் இருந்தால் கோடுகள் கரியாகக் கறுக்கும். கறுக்காவிட்டால் கட்டு வேகவில்லை. வேகாத கட்டு மனிதர் உடம்புக்குப் பக்கத்தில் போகக் கூடாது. இருபத்திரண்டு வருஷமாக அவளுக்குத் தெரிந்த சட்டம் இது ஒன்றுதான்.

வெளிச்செருப்போடு உள்ளே வந்த பெரிய டாக்டரை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பியிருக்கிறாள். லிஃப்ட் பழுது பார்க்கும் அவள் கணவர், "நான் முதல்ல அவ முகத்தைப் பார்ப்பேன், அப்புறம்தான் வாயைத் திறப்பேன்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார். ஆனால் ஒன்று. அவள் சும்மா கோபப்பட்டதாக யாரும் சொன்னதில்லை. அவள் கத்தினால் எங்கேயோ ஏதோ ஒரு மூடி சரியாக மூடப்படவில்லை என்று அர்த்தம்.

அவளுக்கு அங்கே நெருக்கமானவர்கள் இரண்டு பேர். ஒருத்தி எக்ஸ்ரே பிரிவில் படம் எடுப்பவள்; ஒல்லியான உடம்பு, மெதுவான பேச்சு. அவளுக்குப் பெயரே எக்ஸ்ரே ஆகிவிட்டது. இருவரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், பக்கத்துப் பக்கத்து வீடு, ஒருத்தி வீட்டுச் சாவி மற்றவள் வீட்டு ஆணியில் தொங்கும். இன்னொருவர் சமையல்கூடத்தின் தலைமைச் சமையல்காரர். இரண்டு பேரையும் அக்கா என்று கூப்பிடுவார். அவருடைய உடம்பைப் பார்த்து யாரோ அண்டா என்று பெயர் வைக்க, அவரும் கோபிக்காமல் அந்தப் பெயருக்கே திரும்பிப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை நீராவி பல் பிடுங்கிக்கொள்ள லீவு போட்டாள். அன்று அறையைப் பார்த்துக்கொண்டவர் புதிதாக வந்திருந்த மேற்பார்வையாளர். மறுநாள் காலை, வீங்கிய கன்னத்தோடு அவள் முந்தின நாள் ஆபரேஷன் அறைக்குப் போய்த் திரும்பிய துணிகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். சலவைக்குப் போகும் முன் துணியில் ஒட்டியிருக்கும் நாடாக்களை உரித்துவிட வேண்டும். இல்லையென்றால் சலவைக்காரர்கள் பசை ஒட்டுகிறது என்று சண்டைக்கு வருவார்கள். உரித்துக்கொண்டே வந்தவள் ஒரு நாடாவைப் பார்த்து நின்றுபோனாள். கோடுகள் கறுக்கவில்லை. அடுத்ததும் அப்படியே. மொத்தம் பதினொரு நாடா, பதினொன்றும் வெளுப்பு.

பதினொன்றையும் பதிவேட்டில் ஒட்டினாள். அதே சுருளிலிருந்து ஒரு துண்டு கிழித்து அண்ணனுக்குள் வைத்து எடுத்தாள், கன்னங்கரேலென்று கறுத்தது. அதையும் பக்கத்தில் ஒட்டினாள். அதற்குள் மூன்றாவது மாடியில், பித்தப்பை ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு பள்ளி பஸ் டிரைவரம்மாவுக்குக் காய்ச்சல் ஏறத் தொடங்கியிருந்தது. புண் சீழ் பிடித்து, திரும்பத் திறந்து, அந்த அம்மா மூன்று வாரம் எழுந்திருக்கவில்லை.

நீராவி புகார் எழுதிக் கொடுத்தாள். மேற்பார்வையாளர் சிரித்தார். "நாடா பழசும்மா. அன்னைக்கு உங்களுக்குப் பல் வலி வேற. கண்ணு சரியாத் தெரிஞ்சிருக்காது" என்றார். பல்லுக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று அவள் கேட்டது கீழ்த்தளம் முழுக்கக் கேட்டது. ஆனால் நாளாக ஆக ஆட்கள் அவளைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பத் தொடங்கினார்கள். வேண்டாத வேலை என்றார்கள். வயசாகிறது என்றார்கள். விசாரணைக்கு ஒரு திங்கட்கிழமை குறித்தார்கள்.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் தீவுக்குப் போனது.

கூப்பிட்டது எக்ஸ்ரே. அந்தத் தீவு கரையிலிருந்து படகில் முக்கால் மணி நேரம். கார் கிடையாது, பஸ் கிடையாது. சைக்கிள் வாடகைக்கு எடுத்துச் சுற்றிப் பார்க்கலாம் என்று யாரோ சொல்லி, வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷத்திலிருந்தே மூன்று பேரும் போகலாம் போகலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிள்ளை, காய்ச்சல், மழை, ஷிஃப்ட் என்று ஏதாவது ஒன்று வந்து நிற்கும். இந்தத் தடவை எக்ஸ்ரே படகு டிக்கெட்டையே எடுத்துவந்து நீட்டிவிட்டாள். "நீ கொஞ்சம் காத்து வாங்கணும்டி. இப்படியே இருந்தா வெடிச்சிடுவே."

நீராவி டிக்கெட்டை உடனே வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். இருபது நாளில் அவளிடம் யாரும் அப்படிப் பேசவில்லை. சனிக்கிழமையே ஆறு முட்டை அவித்து, ரொட்டி வாங்கி, அகலமான விளிம்புள்ள ஒரு தொப்பியும் வாங்கிவிட்டாள். கணவர் தொப்பியைப் பார்த்து, "யாரைப் பிடிக்கப் போறே?" என்றார். அவள் சிரித்தாள். அவள் சிரித்ததைப் பார்த்து அவர்தான் பயந்துபோனார்.

படகு இறங்கிய இடத்திலேயே ஒரு தகரக் கொட்டகை. அதில் பதினெட்டு சைக்கிள்கள் சுவரில் சாய்ந்து நின்றன. வாடகைக்கு விடுபவர் ஒவ்வொன்றின் குறையையும் அதன் பெருமையைப் போலச் சொன்னார்.

"இதுக்கு முன் பிரேக் மட்டும்தான். ஆனா பிரமாதமாப் பிடிக்கும். அந்தப் பச்சைக்கு பிரேக் கொஞ்சம் மெதுவாத்தான் கேக்கும், சார் கனமா இருக்காரு, தானாவே நின்னுடும். இது இருக்கே, இது ரொம்ப சாது. செயின் மட்டும் எப்பவாவது கழண்டுக்கும்."

"மணி எங்க?" என்றாள் நீராவி.

"அதுக்குத்தான் வாய் இருக்கேம்மா."

அவள் முறைத்தாள். ஆனாலும் ஏறி உட்கார்ந்து நாலு மிதி மிதித்ததும் உடம்பு பழசை ஞாபகம் வைத்திருந்தது தெரிந்தது. முப்பது வயதுவரை சைக்கிளில் வேலைக்குப் போனவள் அவள். வீட்டுப் பக்கம் மேம்பாலம் வந்தபிறகுதான் விட்டுவிட்டாள்.

தீவில் ஒரே ஒரு சாலை. கடலை ஒட்டியே போய், தீவை முழுசாகச் சுற்றிக்கொண்டு, புறப்பட்ட கொட்டகைக்கே வந்து சேரும், பதினாலு கிலோமீட்டர். தார் பாதி, மண் பாதி. இருபுறமும் இடுப்பளவு கல் சுவர். காரை பூசாமல் கல்மேல் கல்லாக அடுக்கியது. சுவருக்கு அந்தப் பக்கம் வெள்ளாடுகள் இவர்களைப் பார்த்து மெல்லுவதை நிறுத்தி, மறுபடி மெல்லத் தொடங்கின. உப்புக் காற்று அரித்த வீடுகளின் கதவுகளில் சாயம் செதில் செதிலாக நின்றது. காற்று முதுகில் தள்ளியது. அண்டா சைக்கிளின் இருக்கை அவருக்குக் கீழே எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

"அக்கா, நான் சைக்கிள் மேல உக்காந்திருக்கேனா, சைக்கிள் என்மேல உக்காந்திருக்கா?" என்று கத்தினார்.

நீராவி சிரித்த சிரிப்பில் தொப்பி பறந்தது. எக்ஸ்ரே இறங்கி ஓடிப்போய் ஒரு முள் புதரிலிருந்து அதை எடுத்து வந்து, தூசி தட்டி, அவள் தலையில் வைத்து, முகவாய்க்குக் கீழே நாடாவை முடிச்சுப் போட்டாள். அந்தக் காலையில் நீராவி பதினொரு கட்டுகளையும் மேற்பார்வையாளரையும் சுத்தமாக மறந்திருந்தாள்.

பாதித் தூரத்தில் பழைய கலங்கரை விளக்கம். அதன் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அண்டா ஆஸ்பத்திரிச் சமையலுக்கு வெளியே ஒரு முட்டை எவ்வளவு ருசியாக இருக்கிறது என்று வியந்துகொண்டிருந்தார். எக்ஸ்ரே ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டே பிய்த்துக்கொண்டிருந்தாள், சாப்பிடவில்லை.

"ஒண்ணு சொல்லணும். கோபப்படக் கூடாது" என்றாள்.

"அப்படி ஆரம்பிச்சாலே எனக்கு வரும்னு உனக்குத் தெரியாதா?"

எக்ஸ்ரே பையின் உள் ஜிப்பைத் திறந்து, பிளாஸ்டிக் உறைக்குள் மடங்காமல் வைத்திருந்த ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தாள். அச்சடித்த நாலு வரி. 'பணிச்சுமையாலும் உடல்நலக் குறைவாலும் நாடாவின் நிறத்தை நான் தவறாகக் கணித்துவிட்டேன். எனது புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.' கீழே அவள் முழுப் பெயர். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு சின்னப் பெருக்கல் குறி.

நீராவி இரண்டு தடவை படித்தாள்.

"யார் குடுத்தது?"

"அவர்தான். உன் நல்லதுக்குத்தான் சொல்றார். விசாரணைன்னு போனா உன் வேலைக்கே…"

"எப்போ குடுத்தாரு?"

"வியாழக்கிழமை."

"நீ என்னைத் தீவுக்குக் கூப்பிட்டது என்னைக்கு?"

எக்ஸ்ரே பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"வியாழக்கிழமை சாயங்காலம்" என்றார் அண்டா, வாயில் முட்டையோடு. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று புரிந்து, மெல்லுவதை நிறுத்தினார்.

"உனக்கும் தெரியுமா?" நீராவி அவர் பக்கம் திரும்பினாள்.

"சத்தியமா இல்லக்கா. ஏதோ பேசணும்னாங்க. சமாதானம்னாங்க. எனக்குச் சாப்பாட்டுக் கூடை தூக்குற வேலைதான்."

நீராவி எழுந்தாள். குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"இருபத்திரண்டு வருஷம். இந்தத் தீவை வாயாலயே சுத்திக்கிட்டு இருந்தோம். கடைசியில இதுக்குத்தான் டிக்கெட் எடுத்தியா? காத்து வாங்கணும்னியே. தொப்பிக்கு முடிச்சுப் போட்டியே. அப்பவும் இது உன் பைக்குள்ளதானே இருந்துச்சு?"

"நான் சொல்றதைக் கேளு…"

"ஒரு பொம்பளை மூணு வாரமா வயித்தைத் திறந்து போட்டுக்கிட்டுப் படுத்திருக்கா! நான் பொய் சொன்னேன்னு எழுதிக் குடுக்கணுமா? அதை நீ கொண்டு வந்து நீட்டுறியா? அவன் நீட்டியிருந்தா நான் இவ்வளவு எரிஞ்சிருக்க மாட்டேன்."

காகிதத்தைக் கிழித்துப்போடுவாள் என்றுதான் எக்ஸ்ரே நினைத்திருப்பாள். நீராவி கிழிக்கவில்லை. உறைக்குள் திரும்பச் செருகித் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"ஏய், அதைக் குடு" என்று எக்ஸ்ரே பதறி எழுந்தாள்.

"இது என்கிட்ட இருக்கட்டும். நாளைக்கு மேசையில வைக்கணும்."

சைக்கிளை எடுத்தாள். திரும்பிப் பார்க்காமல் மிதித்தாள்.

இப்போது காற்று எதிர்க் காற்று. அதுவும் அவளைத் தடுக்கத்தான் வருகிறது என்று தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள். பிடுங்கிய இடம் விண்ணென்று தெறித்தது. சத்தமாகப் பேசிக்கொண்டே போனாள். மேற்பார்வையாளரிடம் பேசினாள். பார்வையைத் திருப்பிக்கொண்ட நர்ஸுகளிடம் பேசினாள். எக்ஸ்ரேயிடம்தான் அதிகம் பேசினாள். அவள் பிரசவத்துக்கு யார் ஆட்டோ பிடித்தது, அவள் மாமியார் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது யார் போய்ப் புரட்டிவிட்டது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஆடுகள் கேட்டுக்கொண்டிருந்தன. வலதுபுறம் கடல் பச்சையும் நீலமுமாகக் கிடந்தது. இவ்வளவு அழகாக இருக்கிறதே என்றும் அவளுக்கு எரிச்சல் வந்தது. இந்த ஒரு நாளையாவது அழுக்காக்காமல் விட்டிருக்கக் கூடாதா?

வட்டச் சாலையில் கோபித்துக்கொண்டு போவதில் ஒரு தொல்லை இருக்கிறது. எவ்வளவு வேகமாகப் போனாலும் போக வேறு இடம் இல்லை. அவளைத் துரத்திப் பிடிக்க முடியாது என்று தெரிந்துகொண்ட அண்டா, எதிர்ப்பக்கமாகச் சுற்றி வந்துகொண்டிருந்தார். கொட்டகையைத் தாண்டி அவள் இரண்டாவது சுற்றில் இறங்கியபோது, ஒரு சரிவில் அவர் மேலிருந்து வருவது தெரிந்தது.

"அக்கா, நில்லுங்க! எனக்கு நிக்க முடியல! பிரேக்கு…" என்று அவர் அவளைத் தாண்டிப் போய்க்கொண்டே, "…பிடிக்கலக்கா! அவங்க தனியா… அழுதுகிட்டு…" என்று கத்தினார். மிச்சத்தைக் காற்று தின்றுவிட்டது. கீழே ஒரு கல் சுவரில் முட்டும் சத்தமும், ஆடுகள் கலையும் சத்தமும், "ஒண்ணும் ஆகலக்கா" என்ற குரலும் கேட்டன.

அழட்டும் என்று நினைத்தாள். இன்னும் வேகமாக மிதித்தாள்.

உப்புக் கிடங்கு ஒன்று கூரை இடிந்து கிடந்த வளைவில் எக்ஸ்ரே நின்றுகொண்டிருந்தாள். சாதுவான சைக்கிள் தலைகீழாகக் கிடந்தது. செயின் கழன்று பல்சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் இடையே சிக்கியிருந்தது. வெயில் உச்சியில். தண்ணீர் புட்டி அண்டாவின் கூடையில் போய்விட்டது.

நீராவி அவளைத் தாண்டிப் போனாள். ஐம்பது அடி போயிருப்பாள். பிறகு முன் பிரேக்கைப் பிடித்தாள். அது பிரமாதமாகப் பிடித்ததில் பின்சக்கரம் தூக்கி, கீழே விழப்போய்ச் சமாளித்தாள். அதற்கும் சேர்த்துத் திட்டிக்கொண்டே திரும்பி வந்தாள்.

"தள்ளு" என்றாள்.

குந்தி உட்கார்ந்து, ஒரு குச்சியை விட்டு நெம்பிச் செயினை விடுவித்தாள். கை முழுக்கக் கறுப்பு மசி.

"நான் சமாதானம் ஆகிட்டேன்னு நினைக்காதே. வெயில்ல ஆளு விழுந்து கிடந்தா எனக்குப் பாவம் வந்து சேரும், அதுக்குத்தான்."

எக்ஸ்ரே கல் சுவரில் உட்கார்ந்து தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "என் பொண்ணு பிசியோதெரபி முடிச்சு ரெண்டு வருஷம் ஆச்சு. ஏறாத படி இல்ல. அவரோட மச்சான் ஆள் எடுக்கிற கமிட்டியில இருக்கார். நீ கையெழுத்துப் போட்டா, அடுத்த மாசமே அவளுக்கு வேலைன்னார்."

"சொல்லியிருக்கலாமே. நேரா என் வீட்டுக்கு வந்து, என் பொண்ணுக்காகப் பொய் சொல்லுன்னு கேட்டிருக்கலாமே. முடியாதுன்னு சொல்லியிருப்பேன். ஆனா நேர்ல கேட்டியேன்னு மதிச்சிருப்பேன்."

எக்ஸ்ரே சுவரிலிருந்து இறங்கினாள். "அது மட்டும் இல்ல" என்றாள்.

"இன்னும் என்ன?"

"அந்தச் செவ்வாய்க்கிழமை நான் உன் ரூமுக்கு வந்தேன். டீ போட வெந்நீர் எடுக்க. நீ லீவுன்னு மறந்துட்டேன். கரண்ட் போய் அப்பத்தான் வந்திருந்துச்சு. பெரிய மெஷின் நின்னுபோயிருந்துச்சு, அதோட விளக்கே எரியல. அவர் கதவைத் திறந்து கட்டுகளையெல்லாம் வெளிய எடுத்து வச்சுக்கிட்டு இருந்தார். மேல அவசரமாக் கேக்கிறாங்க, ஒண்ணும் ஆகாதுன்னு என்கிட்ட சொன்னார்."

செயினைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றது.

"கையுறை போட்டிருந்தாரா?"

"என்ன?"

"எடுக்கும்போது. கையில தடி கையுறை போட்டிருந்தாரா?"

எக்ஸ்ரே மெதுவாகத் தலையை ஆட்டினாள். "இல்ல. வெறும் கை."

நீராவிக்குப் புரிந்துவிட்டது. வெந்த கட்டுகளை வெறும் கையால் தொட்டால் தோல் அதோடு போய்விடும். வெறும் கையால் எடுத்தான் என்றால் சூடே ஏறவில்லை. அவனுக்கும் அது தெரியும். தொட்ட கைக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தேதான் மேலே அனுப்பியிருக்கிறான்.

"நீ பார்த்திருக்கே" என்றாள். எழுந்து நின்றாள். "இருபது நாளா ஆஸ்பத்திரியே என்னைக் குருடின்னு சொல்லுது. கிறுக்கின்னு சொல்லுது. நீ என் பக்கத்துல நின்னு, பாவம்டி நீன்னு சொல்லிக்கிட்டே… பார்த்திருக்கே!"

கையிலிருந்த குச்சியை ஓங்கிச் சுவரில் அடித்தாள். அது மூன்றாக உடைந்து பறந்தது. எக்ஸ்ரே முகத்தை மூடிக்கொண்டாள்.

"நாளைக்கு வந்து இதைச் சொல்லுவியா?"

"என்னால முடியாது. என் பொண்ணு…"

"அப்ப நான் சொல்லுவேன். நீ பார்த்தேன்னு உன்னைக் கைகாட்டுவேன். ஒளிச்சு வைக்க மாட்டேன்."

"நீ சொன்னா நான் இல்லைன்னுடுவேன்."

"சொல்லிக்கோ. என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லிக்கோ."

செயினை மாட்டி, மிதியைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றிச் சரியாக ஓடுகிறதா என்று பார்த்து, சைக்கிளை நிமிர்த்திச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனாள்.

நாலரை மணிக்குக் கொட்டகையில் சைக்கிளை ஒப்படைக்கும்போது மிச்சமிருந்த கோபம் முழுவதும் வாடகைக்காரர் தலையில் இறங்கியது. அண்டாவின் முழங்கை தோலுரிந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

"பதினெட்டு சைக்கிள் வச்சிருக்கீங்க. ஒண்ணுலயாவது ரெண்டு பிரேக்கும் பிடிக்குதா?"

"இதுவரைக்கும் யாரும் பெருசா விழலைங்கம்மா."

"விழலைன்னா சைக்கிள் நல்லா இருக்குன்னு அர்த்தமா? ஆளுங்க அதிர்ஷ்டம் நல்லா இருக்குன்னு அர்த்தம்! ஸ்பேனர் இருக்கா இல்லையா உங்ககிட்ட?"

இருந்தது. அவள் முன்னால் நின்றே பச்சை சைக்கிளின் பிரேக் கம்பியை இழுத்துக் கட்ட வைத்தாள். படகின் சங்கு இரண்டு தடவை ஊதியது. மூன்றாவது சங்குக்குத்தான் அவள் நகர்ந்தாள்.

படகில் முன் பெஞ்சில் நீராவி, கடைசி பெஞ்சில் எக்ஸ்ரே. நடுவில் அண்டா ஆரஞ்சு உரித்து, முன்னால் போய் நாலு சுளை, பின்னால் போய் நாலு சுளை என்று நடந்துகொண்டிருந்தார். மூன்றாவது நடையில் நீராவியின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். உப்புக் கிடங்கில் எக்ஸ்ரே சொன்னதையெல்லாம் அவள் அவரிடம் கொட்டினாள்.

"அன்னைக்குக் கரண்ட் போச்சுன்னா சொன்னாங்க? காலையில பதினொரு மணி வாக்குலயா?"

"ஆமா. நேரம் சொல்லல. ஏன்?"

"ஒண்ணுமில்ல. அன்னைக்கு என் சோறு குழப்பமாப் போச்சு. அதான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு, சுளையை அவரே தின்றார்.

திங்கட்கிழமை விசாரணை இரண்டாவது மாடியில், நீள மேசை போட்ட அறையில் நடந்தது. மூன்று அதிகாரிகள், நடுவில் தலைமை மருத்துவர். மேற்பார்வையாளர் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். நீராவி பதிவேட்டைத் திறந்து பதினொரு வெளுத்த நாடாவையும் ஒரு கறுத்த நாடாவையும் காட்டினாள். பக்கத்தில் பென்சில் குறி போட்ட காகிதத்தை வைத்தாள். அதைப் பார்த்ததும் மேற்பார்வையாளர் தண்ணீர் டம்ளரைக் கையில் எடுத்தார்.

"அன்று அறைக்குள் நடந்ததைப் பார்த்தவர்கள் யாராவது உண்டா?" என்று தலைமை மருத்துவர் கேட்டார்.

"உண்டு" என்றாள் நீராவி. சொன்னாள்.

எக்ஸ்ரேயைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். படம் எடுத்துக்கொண்டிருந்தவள் மேலே மாட்டியிருந்த ஈய அங்கியைக் கழற்றாமலே வந்து நின்றாள். கேள்வியைக் கேட்டார்கள். அவள் மேற்பார்வையாளரைப் பார்த்தாள். பிறகு நீராவியைப் பார்த்தாள். நீராவி கண்ணை எடுக்கவில்லை.

"பார்த்தேன்" என்றாள் எக்ஸ்ரே. "மெஷின் நின்னுபோயிருந்துச்சு. கையுறை இல்லாம எடுத்தார்."

அவ்வளவுதான். யாரையும் பார்க்காமல், கனமான அங்கி முழங்காலில் இடிக்க இடிக்க, வெளியே போனாள்.

அவள் போன கதவு வழியாகவே அண்டா உள்ளே வந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை. கையில் எண்ணெய்ப் பிசுக்கேறிய சமையல்கூட நோட்டு. தலைமை மருத்துவர் மூக்கைச் சுளித்துக்கொண்டு அந்தச் செவ்வாய்க்கிழமைப் பக்கத்தை உரக்கப் படித்தார்: "பதினொன்று பத்துக்குக் கரண்ட் போனது. மின் அடுப்பு அணைந்தது. சோறு அரை வேக்காடு. யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை."

மேற்பார்வையாளரை வேலையைவிட்டு எடுத்தார்கள் என்று சொல்ல ஆசைதான். எடுக்கவில்லை. வேறொரு கிளைக்கு, மருந்துக் கிடங்குக்கு மாற்றினார்கள். அதைக் கேள்விப்பட்ட அன்று நீராவி கத்திய கத்தலில் தம்பியின் கதவே அதிர்ந்தது என்பார்கள். டிரைவரம்மாவுக்கு நடந்ததை எழுத்தில் ஒப்புக்கொண்டு ஒரு கடிதம் போயிற்று. எக்ஸ்ரேயின் மகளுக்கு வேலை வரவில்லை. பட்டியலில் பெயரே இல்லை.

டிரைவரம்மா வீட்டுக்குப் போகும் அன்று, ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கீழ்த்தளத்துக்கு இறங்கி வந்து அறை வாசலில் நின்றார்.

"நீங்கதான் எழுதிக் குடுத்தவங்களா?"

"செருப்பைக் கழட்டிட்டு உள்ள வாங்க" என்றாள் நீராவி.

அந்த அம்மா கழற்றினார். குனிய முடியாமல் காலாலேயே தள்ளிக் கழற்றினார். நன்றி சொல்ல வந்தவர் நன்றி சொல்லவில்லை. "எனக்கு அந்த எந்திரத்தைப் பார்க்கணும்" என்றார். நீராவி அண்ணனின் கதவைத் திறந்து காட்டினாள். அந்த அம்மா உள்ளே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "மூணு வாரம். என் பஸ்ஸை வேற ஒருத்தன் ஓட்டுறான். கடிதம் குடுத்திருக்காங்க, கடிதம்! அதை வச்சு நான் என்ன பண்றது?" என்றார். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு மணி நேரம் திட்டினார்கள். அத்தனை நாளில் நீராவிக்கு நெஞ்சு கொஞ்சம் லேசானது அந்த ஒரு மணி நேரத்தில்தான்.

எக்ஸ்ரேயோடு பேச்சு நின்றுபோயிற்று. சாவிகள் ஆணி மாறின. அவளும் சும்மா இல்லை. தன் பெண்ணின் வாழ்க்கையில் மண்ணைப் போட்டவள் என்று தெருவில் நாலு பேரிடம் சொன்னாள். நீராவியும் அவளைப் பற்றி நாலு பேரிடம் சொன்னாள். அந்த நாலு பேரும் ஒரே ஆட்கள்தான் என்பதால் தெருவுக்கு நன்றாகப் பொழுது போயிற்று.

நாலு மாதம் கழித்து ஒரு சாயங்காலம். வேலை முடிந்து ஏறிய பஸ்ஸில் கூட்டம் முட்டியது. ஒரே ஓர் இடம் காலியாக இருந்தது. ஜன்னலோரத்தில் எக்ஸ்ரே உட்கார்ந்திருந்த இருக்கையில், அவள் பை வைத்திருந்த பாதி. நீராவி பக்கத்தில் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு நிறுத்தம் போயிற்று. பன்னிரண்டு மணி நேரம் நின்ற கால் கடுகடுத்தது.

எக்ஸ்ரே வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாள்: "இன்னும் கோபமா?"

"ஆமா. உனக்கு?"

"எனக்கும்தான்."

"சரி" என்றாள் நீராவி. "பையை எடு. நகரு."